தலைவிதியும் வட்டி விதியும்

(ஒரு படிப்பகத்தின் ஆண்டு விழாவில், பொறியியல் பொருளாதார மேற்படிப்பைப் பற்றி ஆற்றிய சொற்பொழிவு)



நம்மை இங்கே பேச அழைத்தவர்கள், நாம் வழக்கம்போலப் புராணப் புரட்டைப் பற்றியோ, சாதி ஒழிப்பைப் பற்றியோ பேசுவோம் என்று நினைத்திருக்கக் கூடும். நாம் இன்று பேசப் போவது ஒரு படிப்பைப் பற்றியாகும். அதற்குப் பொறியியல் பொருளாதாரம் என்று பெயர். பெயரைக் கேட்டவுடனே யாரும் எழுந்து போய்விட வேண்டாம். கடைசியில் பார்த்தால், நாம் எப்போதும் பேசுகிற சங்கதியைத்தான் இன்றும் பேசினோம் என்பது உங்களுக்கு விளங்கும்.

போன மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு தோழர் நம்மிடம் வந்தார். மாவு மில் வைத்துப் பிழைப்பவர். இருபது வருஷமாகக் கருப்புச் சட்டை போடுகிறவர். அவருடைய மகள் என்ஜினீயரிங் படித்துத் தேறிவிட்டாள். அந்தப் பெண் மேற்கொண்டு இரண்டு வருஷம் படிக்க வேண்டும், அதுவும் இந்தப் பொறியியல் பொருளாதாரத்தைப் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதமாக இருக்கிறாளாம். தோழர் நம்மைப் பார்த்து, “அய்யா, மிஷினைப் படித்தால் மிஷினைப் படிக்க வேண்டும், கணக்கு வழக்கைப் படித்தால் கணக்கு வழக்கைப் படிக்க வேண்டும், இது என்னங்க அய்யா, இரண்டு தலை ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு படிப்பு? இதுவரை நாலு லட்சம் செலவு செய்தாயிற்று. இதற்கு மேலுமா?” என்று கேட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, “வீட்டில் சொன்னார்கள் என்று ஜாதகத்தையும் காட்டினேன். வித்தைக்கு உரிய இடம் பலமாக இல்லை, இந்த வருஷமே கல்யாணத்தை முடித்துவிடுங்கள் என்று ஜோசியர் சொல்லுகிறார்” என்றார்.

தோழர்களே! இதில் நாம் அவரைக் கேலி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஊரான் மகளுக்கு என்றால் நாம் எல்லோரும் பகுத்தறிவுவாதிகள்தான். சொந்த மகளுடைய இரண்டு வருஷமும் கையிலிருக்கும் பணமும் என்று வந்தால்தான் மனிதனுக்குப் பயம் வருகிறது. அந்தப் பயத்தில்தான் ஜோசியன் பிழைக்கிறான். ஆகவே ஜோசியனை ஒழிக்க வேண்டுமானால் அவனைத் திட்டினால் மட்டும் போதாது. “நாளைக்கு என்ன ஆகும்?” என்று கேட்கிறவனுக்கு அவனைவிட யோக்கியமான ஒரு பதிலைக் கொடுக்க வேண்டும். அப்படிப் பதில் சொல்ல முயலுகிற படிப்புகளில் ஒன்றுதான் அந்தப் பெண் கேட்கிற படிப்பு.

நமக்குப் பள்ளிக்கூடப் படிப்பு அதிகம் கிடையாது. புத்தகம் வாங்கி, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, காகிதமும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் இதை ஒருவாறு தெரிந்துகொண்டோம். நமக்கே விளங்கியது உங்களுக்கு விளங்காமல் போகாது.

முதலில் அந்தத் தோழருடைய மாவு மில்லையே எடுத்துக்கொள்ளுவோம். மில்லுக்கு ஒரு மோட்டார் வாங்க வேண்டும். கடையில் இரண்டு மோட்டார் இருக்கின்றன. ஒன்றின் விலை 40 ஆயிரம். கரண்டுக்கும் ரிப்பேருக்கும் வருஷம் 30 ஆயிரம் பிடிக்கும். மற்றொன்றின் விலை 70 ஆயிரம். ஆனால் வருஷச் செலவு 22 ஆயிரம்தான். இரண்டும் எட்டு வருஷம் உழைக்கும். இதில் எதை வாங்குவது?

சாதாரணமாக ஒருவர், “அதிகம் கொடுப்பது 30 ஆயிரம்; வருஷத்துக்கு மிச்சம் 8 ஆயிரம்; எட்டு வருஷத்தில் மிச்சம் 64 ஆயிரம்; ஆகவே விலை கூடின மோட்டாரே லாபம்” என்பார். இது அரைக் கணக்காகும். ஏனென்றால் இன்று கையை விட்டுப் போகிற ரூபாயும், எட்டாவது வருஷம் கைக்கு வருகிற ரூபாயும் ஒன்றல்ல. இன்று கொடுக்கிற ரூபாய்க்கு வட்டி உண்டு. ஆகவே பின்னால் வரப்போகிற ஒவ்வொரு 8 ஆயிரத்தையும், இடையில் உள்ள வருஷங்களுக்கு வட்டியைக் கழித்து, இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்ட வேண்டும்.

பாங்கில் வருஷத்துக்கு நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கடன் கிடைக்கிறவனுக்கு, அந்த எட்டு வருஷ மிச்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 42,700 ரூபாய். அதிகமாகக் கொடுத்தது 30 ஆயிரம். ஆகவே அவனுக்கு விலை கூடின மோட்டாரில் 12 ஆயிரத்துக்கு மேல் லாபம். சரி, பாங்குக்காரன் உள்ளே விடாமல், ஊரில் இரண்டு வட்டிக்கு வாங்குகிறவனுக்கு? இரண்டு வட்டி என்றால் மாசம் நூற்றுக்கு இரண்டு. வருஷத்துக்கு இருபத்து நாலு. அந்த வட்டியில் அதே எட்டு வருஷ மிச்சத்தின் இன்றைய மதிப்பு சுமார் 27,400 ரூபாய்தான். அதற்காக 30 ஆயிரம் கொடுத்தால் அவனுக்கு நஷ்டம்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனிக்க வேண்டுகிறோம். மோட்டார் ஒன்றே. மாவு ஒன்றே. கரண்டும் ஒன்றே. ஆனால் பாங்கு வட்டிக்காரன் நல்ல மோட்டாரை வாங்கி வருஷா வருஷம் 8 ஆயிரம் மிச்சம் பிடிக்கிறான். இரண்டு வட்டிக்காரன், புத்தியுள்ளவனாகவே இருந்து சரியாகவே கணக்குப் போட்டாலும், மட்டமான மோட்டாரைத்தான் வாங்க வேண்டியதாகிறது. எட்டு வருஷம் கழித்துப் பார்த்தால் முன்னவன் மாடி கட்டியிருக்கிறான்; பின்னவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான். உடனே ஊரார் என்ன சொல்லுகிறார்கள்? “அவனுக்கு யோகம், இவனுக்குத் தலைவிதி” என்கிறார்கள். அவன் தலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, அய்யா! எழுதியிருந்தது எல்லாம் வட்டிக்காரனுடைய நோட்டில்தான். தலைவிதி என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு பெரும் பகுதி வட்டி விதியே என்பதைக் காகிதத்தில் போட்டுக் காட்டுகிற படிப்பை வேண்டாம் என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

நிற்க, இந்தப் படிப்பு எப்படி உண்டாயிற்று என்பதையும் சொல்லுகிறோம். இது எந்த ரிஷியும் ஞான திருஷ்டியில் கண்டு சொன்னதல்ல. பாலம் கட்டினவனும் ரயில் பாதை போட்டவனும் கை சுட்டுக்கொண்டு கண்டுபிடித்ததாகும். பிரான்சு தேசத்தில் 1844ஆம் வருஷத்தில், பாலங்களையும் சாலைகளையும் கட்டுகிற இலாகாவில் என்ஜினீயராக இருந்த ஜூல் டுப்புய் என்பவர் ஒரு கேள்வி கேட்டார். ஒரு பாலத்தால் ஊருக்கு உண்டாகும் பிரயோஜனத்தை எப்படி அளப்பது? வசூலான சுங்கப் பணத்தைக் கொண்டு அளந்தால் போதுமா? போதாது என்றார் அவர். அதிகச் சுங்கம் கொடுக்கவும் தயாராக இருந்தவன் குறைந்த சுங்கத்தில் கடந்து போகிறான். அவனுக்குக் கிடைத்த ஆதாயம் சுங்கக் கணக்கில் வராது. சுங்கத்துக்குப் பயந்து பாலத்தில் ஏறாமலே போனவனுடைய நஷ்டமும் எந்தக் கணக்குப்பிள்ளையின் நோட்டிலும் வராது. இன்றைக்கு டோல்கேட்டில் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய சங்கதி இது.

அடுத்தபடியாக அமெரிக்காவில் ஆர்தர் வெல்லிங்டன் என்ற ரயில்வே என்ஜினீயர், ரயில் பாதையை எந்த வழியாகக் கொண்டுபோவது என்பதன் பொருளாதாரத்தைப் பற்றி 1877இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதைப் பெரிதாக்கி 1887இல் மறுபடியும் வெளியிட்டார். பாதையில் ஒரு வளைவையோ ஏற்றத்தையோ வைத்தால், கட்டுகிற அன்றைக்குச் செலவு குறையலாம். ஆனால் வண்டி ஓடுகிற காலமெல்லாம் நிலக்கரியிலும் சம்பளத்திலும் தேய்மானத்திலும் அந்த வளைவு பணத்தைத் தின்றுகொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்த்துத்தான் பாதை போட வேண்டும் என்று அவர் காட்டினார். பிறகு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபிஷ் என்ற ஆசிரியர் 1915இலும், யூஜின் கிராண்ட் என்பவர் 1930இலும் இதை மாணாக்கருக்கு உரிய பாடப் புத்தகமாக எழுதினார்கள். 1955இல் இதற்கென்றே ஒரு பத்திரிகை தோன்றியது. 1960களில் ஸ்டான்ஃபோர்டில் இதற்கு மேற்படிப்புத் துறையே உண்டாயிற்று. நம் நாட்டில் பெரும்பாலும் தொழிற் பொறியியல் என்ற பெயரில், எம்.இ., எம்.டெக். வகுப்புகளில் இதைப் படிக்கலாம். கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் தொழிற் பொறியியல் துறை உண்டு.

“முதல் பட்டத்திலேயே இதில் ஒரு பாடம் இருக்கிறதே, மேலே இரண்டு வருஷம் படிக்க என்ன இருக்கிறது?” என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாம் இதுவரை சொன்ன வட்டிக் கணக்கு முதல் பட்டத்தின் பாடம். மேற்படிப்பில் அதைவிடக் கடினமான மூன்று கேள்விகள் வருகின்றன. நாளை நடப்பது நிச்சயமில்லை என்றால் எப்படி முடிவு செய்வது? வட்டியை எவ்வளவு என்று வைப்பது? லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு?

முதல் கேள்வியைப் பாருங்கள். மில்லுக்கு வருஷம் இவ்வளவு மாவு வரும் என்று ஒரே எண்ணைச் சொன்னால், அது ஜோசியத்துக்குத் தம்பி முறைதான் ஆகும். மழை பொய்த்தால் இவ்வளவு, எதிர்த்தாற்போல இன்னொரு மில் வந்தால் இவ்வளவு, நன்றாக நடந்தால் இவ்வளவு, ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று பிரித்துச் சொல்லுவதே அறிவாகும். கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான தடவை குலுக்கிப் போட்டு, எத்தனை தடவை லாபம், எத்தனை தடவை நஷ்டம் என்று எண்ணிப் பார்க்கிற முறையையும் சொல்லித்தருகிறார்கள். ஜோசியனுக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? ஜோசியன் நிச்சயமாகச் சொல்லுவான். தப்பாய்ப் போனால் பரிகாரத்துக்குப் பணம் கேட்பான். இவர்கள் நிச்சயமில்லை என்பதையே முதலில் ஒப்புக்கொண்டு, எவ்வளவு நிச்சயமில்லை என்பதையும் அளந்து சொல்லுகிறார்கள். தப்பாய்ப் போனால் எந்த இடத்தில் தப்பியது என்று கணக்கைத் திருப்பிப் பார்க்க முடியும். ஜாதகத்தை அப்படித் திருப்பிப் பார்த்த ஜோசியனை நாம் இதுவரை கண்டதில்லை.

இரண்டாவது, வட்டி. ஒரு மில்லுக்கு எட்டு வருஷக் கணக்கே வட்டியால் தலைகீழாகிறது என்றால், நூறு வருஷத்துக்கு எப்படி இருக்கும்? நூறு வருஷம் கழித்து நம் பேரன் பேத்திகளுக்கு ஒரு லட்ச ரூபாய் நஷ்டம் வரப்போகிறது என்று வைத்துக்கொள்ளுவோம். அதைத் தடுக்க இன்றைக்கு எவ்வளவு செலவு செய்யலாம்? நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் கணக்குப் போட்டால் சுமார் 22,500 ரூபாய் வரை செலவு செய்யலாம். ஐந்து வட்டியில் போட்டால் 760 ரூபாய். எட்டு வட்டியில் போட்டால் 45 ரூபாய்! எட்டு வட்டி போடுகிறவன், “பேரனுக்கு வரும் லட்ச ரூபாய் நஷ்டத்தைத் தடுக்க இன்று ஐம்பது ரூபாய் செலவு செய்வதுகூட வீண்” என்று கம்ப்யூட்டர் காகிதத்தோடு வந்து நிற்பான். 2006இல் நிக்கோலஸ் ஸ்டெர்ன் என்பவர் பூமி சூடாவதைப் பற்றி இங்கிலாந்து அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில், சுமார் 1.4 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டு, உடனே பெருஞ்செலவு செய்ய வேண்டும் என்றார். பின்னால் 2018இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் நோர்ட்ஹவுஸ் அவ்வளவு குறைந்த வட்டியை மறுத்து, அதைவிட அதிகமாக வைத்து, படிப்படியாகச் செய்தால் போதும் என்றார். இருவரும் பெரிய அறிவாளிகள்தான். சண்டையின் பெரும் பகுதி அந்த ஒரு சிறு எண்ணில்தான் இருக்கிறது.

ஆகவே தோழர்களே! யாராவது ஒரு பெரிய திட்டத்தைக் கொண்டுவந்து, “நிபுணர்கள் கணக்குப் போட்டுவிட்டார்கள், லாபம்தான்” என்று சொன்னால், உடனே கும்பிட்டு ஏற்றுக்கொள்ளாதீர்கள். “எத்தனை வட்டி வைத்தீர்கள்?” என்று கேளுங்கள். புரியாத பாஷையில் மந்திரம் சொல்லுகிறவனுக்கும், புரியாத எண்ணில் கணக்குச் சொல்லுகிறவனுக்கும், கேள்வி கேட்காதவர்கள் மத்தியில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் மந்திரத்தில் கேள்வி கேட்க இடமில்லை, கணக்கில் இடமுண்டு. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஆள் நம் பக்கத்தில் இருக்க வேண்டாமா?

மூன்றாவது கேள்விதான் நம் இயக்கத்துக்கு மிகவும் முக்கியமானதாகும். அமெரிக்காவில் 1936இல் வெள்ளத் தடுப்புச் சட்டம் ஒன்று செய்தார்கள். வெள்ளத் தடுப்பு வேலைகளில், யாருக்குக் கிடைத்தாலும் சரி, மொத்த நன்மை மொத்தச் செலவைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்பது அதன் தத்துவம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த “யாருக்குக் கிடைத்தாலும் சரி” என்பதில்தான் விஷமம் இருக்கிறது. 1939இல் கால்டர், ஹிக்ஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் இதற்குத் தத்துவ விளக்கமும் கொடுத்தார்கள். லாபம் அடைந்தவர்கள் நஷ்டம் அடைந்தவர்களுக்கு ஈடு செய்ய முடியுமானால் திட்டம் நல்லதுதான் என்பது அதன் சுருக்கம். “ஈடு செய்ய முடியுமானால்” என்று சொல்லப்பட்டதே ஒழிய, “ஈடு செய்தால்” என்று சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பண்ணையாருக்கு நூறு ரூபாய் லாபம், சேரிக்காரனுக்கு எண்பது ரூபாய் நஷ்டம் என்றால், மொத்தத்தில் இருபது ரூபாய் லாபம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. அந்த எண்பது ரூபாய்தான் சேரிக்காரனுடைய சொத்து முழுவதும் என்பது கணக்கில் ஏறுவதில்லை.

நர்மதை நதியில் சர்தார் சரோவர் அணை விஷயத்தில் நடந்தது என்ன? உலக பாங்கு கடன் கொடுத்தது. ஆனால் நிலம் மூழ்கிப் போகிற ஆதிவாசி மக்களும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்தார்கள். பிறகு உலக பாங்கே பிராட்ஃபோர்ட் மோர்ஸ் என்பவர் தலைமையில் ஒரு சுயேச்சைக் குழுவை ஏற்படுத்தியது. மக்களைக் குடி அமர்த்தும் ஏற்பாடுகள் சரியில்லை என்று அந்தக் குழு 1992இல் அறிக்கை கொடுத்தது. 1993இல் மீதிக் கடன் நின்று போயிற்று. அணை கட்டப்படாமல் நின்றுவிடவில்லை. 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அணையே கூடாது என்று நாம் சொல்லவில்லை. தண்ணீரும் மின்சாரமும் வேண்டியதுதான். ஆனால் வீடு மூழ்குகிறவனுடைய செலவைக் கணக்கின் முதல் வரியில் எழுத வேண்டுமா, கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுத வேண்டுமா என்பதே கேள்வி.

இதற்கும் படித்தவர்களிலேயே வழி சொன்னவர்கள் உண்டு. 1950களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் என்ஜினீயர்களும் பொருளாதாரக்காரர்களும் அரசியல் நூல்காரர்களும் ஒன்றாக உட்கார்ந்து, ஆற்று நீர்த் திட்டங்களை எப்படி வகுப்பது என்று ஆராய்ந்து, 1962இல் ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். அதில் பங்கு கொண்ட ஸ்டீபன் மார்க்ளின் என்பவரும், பார்த்தா தாஸ்குப்தாவும், அமர்த்தியா சென்னும் சேர்ந்து, திட்டங்களை மதிப்பிடுவதற்கான வழிகாட்டி நூல் ஒன்றை ஐக்கிய நாடுகள் சபையின் தொழில் வளர்ச்சி நிறுவனத்துக்காக 1972இல் எழுதினார்கள். ஏழைக்குக் கிடைக்கிற ஒரு ரூபாய்க்கும் பணக்காரனுக்குக் கிடைக்கிற ஒரு ரூபாய்க்கும் ஒரே எடை போட வேண்டியதில்லை, ஏழையின் ரூபாய்க்கு அதிக எடை போடலாம் என்பதற்கும் அதில் வழி காட்டினார்கள். பாருங்கள், சமதர்மத்தைக்கூடக் கணக்கில் எழுத முடிகிறது! எழுதுகிறவன் மனம் வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதியையும் சொல்ல வேண்டும். கணக்குப் போடுகிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. டென்மார்க்குத் தேசத்து ஃப்ளூபியேர் என்ற ஆராய்ச்சிக்காரரும் அவருடைய கூட்டாளிகளும், இருபது நாடுகளில் ரயில், சாலை, பாலம், சுரங்கப் பாதை ஆகிய 258 வேலைகளின் எஸ்டிமேட்டையும் உண்மைச் செலவையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்டார்கள். பத்தில் சுமார் ஒன்பது வேலைகளில் எஸ்டிமேட்டைவிடச் செலவு அதிகமாயிற்று. ரயில் வேலைகளில் சராசரி 45 சதவீதம் அதிகம். பாலம், சுரங்கங்களில் 34 சதவீதம் அதிகம். சாலைகளில் 20 சதவீதம் அதிகம். எழுபது வருஷமாக இதில் அபிவிருத்தியே இல்லை. தெரியாமல் செய்த தப்பு என்றால் சில தடவை கூடவும் சில தடவை குறையவும் இருக்க வேண்டாமா? எப்போதும் ஒரே பக்கமாகவே தப்பு வருமானால் அது தப்பல்ல, பொய் என்றே அவர்கள் முடிவு கட்டினார்கள். வேலையை எப்படியாவது ஆரம்பித்துவிட வேண்டும் என்பதற்காகச் செலவைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பது இதன் பொருள். இந்தப் பொய்யைக் கண்டுபிடித்தவர்கள் யார்? சாமியார்களா? இதே கணக்கைப் படித்தவர்கள்தான். அறிவு தன் வீட்டுக் குப்பையைத் தானே கூட்டுகிறது. மதம் அப்படிக் கூட்டுகிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

நம் ஊர்களில் கட்டடம் கட்டுகிறவர்களும் யோசிக்க வேண்டும். வாஸ்து பார்த்து, பூமி பூஜை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டுவதற்குப் பணம் இருக்கிறது. அஸ்திவார மண்ணைத் தோண்டிப் பரீட்சை செய்வதற்கு மட்டும் பணம் இல்லையாம்! 1976ஆம் வருஷம் ஜூன் 5ஆம் தேதி அமெரிக்காவில் டீட்டன் என்ற புது அணை, முதல் தடவை தண்ணீர் நிரம்பும்போதே உடைந்து 11 பேர் இறந்தார்கள். பாறையில் இருந்த வெடிப்புகளுக்குத் தகுந்தபடி அணையை அமைக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அந்த வெடிப்பு நல்ல நேரம் பார்த்தால் மூடிக்கொள்ளாது. காசு செலவழித்து அடைத்தால்தான் அடையும். நல்ல நேரம் என்று ஒன்று உண்டானால், அது அந்தக் காசைச் செலவழிப்பதற்கு உரிய நேரமேயாகும்.

நிற்க, தோழர் கேட்ட கேள்விக்கு வருவோம். “இதுவரை நாலு லட்சம் செலவு செய்தாயிற்று, இதற்கு மேலுமா?” என்றார். இங்கிலாந்தும் பிரான்சும் சேர்ந்து 1962இல் ஒப்பந்தம் போட்டுக் கான்கார்டு என்ற அதிவேக விமானத்தைச் செய்யத் தொடங்கின. செலவு மதிப்பீட்டைப்போலப் பல மடங்கு ஏறியது. லாபம் வராது என்று தெரிந்த பின்பும், “இவ்வளவு போட்டுவிட்டோமே” என்று மேலும் மேலும் போட்டார்கள். மொத்தம் 20 விமானங்கள்தான் செய்யப்பட்டன. 2003இல் அதன் ஓட்டமும் நின்றது. போன பணம் போனதுதான்; அதைக் காட்டி மேலே போடுவதும் தப்பு, அதைக் காட்டி மேலே போடாமலிருப்பதும் தப்பு என்பது இந்தப் படிப்பின் ஒரு முக்கியமான பாடம். அந்த நாலு லட்சம், மகள் படித்தாலும் திரும்பி வராது. கல்யாணம் செய்தாலும் திரும்பி வராது. இனி வரப்போகிற செலவு என்ன, இனி வரப்போகிற பலன் என்ன என்பதே கேள்வி.

அதையும் தோழரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இப்போதே வேலைக்குப் போனால் அந்தப் பெண்ணுக்கு மாசம் 20 ஆயிரம் கிடைக்கும் என்றார். இரண்டு வருஷம் படித்தால் அந்த 4 லட்சத்து 80 ஆயிரம் போகிறது. படிப்புச் செலவு 2 லட்சம். ஆக 6 லட்சத்து 80 ஆயிரம். படித்த பிறகு மாசம் 10 ஆயிரம் கூடக் கிடைக்கும் என்று குறைவாகவே வைத்தோம். முப்பது வருஷ வேலைக்கு, பத்து வட்டியில், அதன் இன்றைய மதிப்பு சுமார் 9 லட்சத்து 35 ஆயிரம். ஆகவே படிப்பதே லாபம். ஆனால் இதையும் இரண்டு வட்டிக் கடனில் போட்டுப் பார்த்தோம். பலனின் மதிப்பு சுமார் மூன்றேகால் லட்சத்துக்கு இறங்கிவிட்டது. செலவையும் அதே வட்டியில் கழித்துப் பார்த்தாலும் அது ஐந்து லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. அப்போது படிப்பே நஷ்டமாகிறது!

இதைக் கண்டு நாமே சற்று நேரம் பேசாமலிருந்தோம். மாவு மில் மோட்டாரில் கண்ட அதே சங்கதி. ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்காமல் போனதற்கு, அவர்களுக்குப் புத்தி இல்லை என்றும், பூர்வ ஜென்ம பலன் என்றும் சொன்னவர்கள், இந்தக் கணக்கை மட்டும் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. இதனால்தான் உதவித் தொகை வேண்டும், குறைந்த வட்டிக் கல்விக் கடன் வேண்டும், அரசாங்கக் கல்லூரி வேண்டும், இட ஒதுக்கீடு வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அது பிச்சை அல்ல. இரண்டு வட்டிக்காரனைப் பாங்கு வட்டிக்காரனோடு ஒரே கோட்டில் நிறுத்துகிற வேலையாகும்.

பொறியியல் கல்லூரி வாசல் நமக்குச் சும்மா திறந்துவிடவில்லை என்பதையும் வாலிபர்கள் மறக்கக் கூடாது. வகுப்புவாரி உத்தரவின்படி எல்லா வகுப்பாருக்கும் கல்லூரிகளில் இடம் பங்கிடப்பட்டு வந்தது. மருத்துவக் கல்லூரி சம்பந்தமாக ஒருவரும், பொறியியல் கல்லூரி இடத்துக்காக மற்றொருவரும் கோர்ட்டுக்குப் போய், 1951இல் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவு செல்லாது என்றது. பெரியாரும் தமிழ் மக்களும் கிளர்ச்சி செய்தார்கள். அந்த 1951லேயே அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. பெண்கள் சங்கதியும் அப்படித்தான். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு கணவனை இழந்த லலிதா என்ற அம்மையார், விதவை என்று மூலையில் உட்காராமல், 1940இல் கிண்டியில் என்ஜினீயரிங் படிக்கச் சேர்ந்து, மின்சார என்ஜினீயராகத் தேறி, பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையிலும் பங்கு கொண்டார். அவருடைய ஜாதகத்தில் வித்தைக்கு உரிய இடம் எப்படி இருந்தது என்று யாராவது பார்த்தார்களா?

இன்றைக்கு நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் என்ஜினீயர்களாகிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் மிஷினை ஓட்டுவதற்கு நம் பிள்ளை, எந்த மிஷினை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதற்கு வேறொருவன் என்றால், பழைய ஏற்பாடேதான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். சாலை எந்தச் சேரியைத் தாண்டிப் போகிறது, தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, எவனுடைய நிலம் மூழ்குகிறது என்பவை எல்லாம், வேலை ஆரம்பமாவதற்கு முன்பே, ஒரு அறையில், ஒரு மேஜையில், ஒரு காகிதத்தில் முடிவாகின்றன. அந்த மேஜையில் நம் பெண்களும் பையன்களும் உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகு, வந்த இடத்தை மறக்காமல் இருக்கவும் வேண்டும்.

தோழர் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஜாதகத்தை வீட்டில் திரும்ப வைத்துவிட்டு, மகளை கேட் பரீட்சைக்கு எழுதச் சொல்லியிருக்கிறார். அதில் தேறி மத்திய அரசாங்கக் கல்லூரிகளில் எம்.டெக். சேருகிறவர்களுக்கு மாதாமாதம் உதவித் தொகை உண்டு. அது கிடைத்தால் நம் கணக்கு இன்னும் தேவலையாகும். பரீட்சை முடிவு என்ன ஆகுமோ, நமக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் நாமும் ஜோசியனாகிவிடுவோம்.

கடைசியாக ஒன்று. நாம் சொன்ன எண்களையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். வீட்டுக்குப் போய்க் காகிதமும் பென்சிலும் எடுத்து, உங்கள் வீட்டுப் படிப்பு, உங்கள் மோட்டார், உங்கள் கடன், உங்கள் வட்டி எல்லாவற்றையும் எழுதி நீங்களே போட்டுப் பாருங்கள். தப்பு இருந்தால் அடுத்த கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள், திருத்திக்கொள்ளுகிறோம். வட்டி மனிதன் வைத்தது. அதைக் குறைக்கவும் மாற்றவும் மனிதனாலேயே முடியும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.